இரோகோ மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரோகோ என்றதும் "ஓ, அந்த ஆப்பிரிக்கத் தேக்கா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். தேக்கு கிடைக்காத இடத்தில் வைக்கும் மாற்று மரம் என்று நினைத்து வாங்கினால், அதன் நல்ல குணமும் தெரியாது, அது கேட்கும் கவனிப்பும் தெரியாது. இரோகோவை இரோகோவாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்தேன்.

இரோகோ எந்த மரம்? எங்கே வளர்கிறது?

இரண்டு மரங்களுக்கு இந்த வணிகப் பெயர் உண்டு. ஒன்று மிலீசியா எக்செல்சா. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்கே எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா வரையும், தெற்கே அங்கோலா, மொசாம்பிக் வரையும் பரவியிருக்கிறது. இன்னொன்று மிலீசியா ரீஜியா. இது மேற்கு ஓரத்தில், செனகலிலிருந்து கானா வரை மட்டும் வளர்கிறது. அறுத்துப் பலகையாகிவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது கடினம், சந்தையில் யாரும் பிரித்துப் பார்ப்பதும் இல்லை.

குடும்பத்தைச் சொன்னால் நமக்கு உடனே நெருக்கமாகிவிடும். பலா, ஆல், அத்தி, மல்பெரி இவற்றின் உறவு இது. பட்டையைக் கீறினால் பால் வடியும். 1869இல் வெல்விட்ச் என்ற தாவரவியலாளர் இதற்கு முதலில் பெயர் வைத்தபோது மல்பெரிப் பேரினத்திலேயே சேர்த்தார். பிறகு குளோரோஃபோரா எக்செல்சா ஆனது. இப்போதுள்ள பெயர் 1982இல் வந்தது. அதனால் பழைய மர வேலைப் புத்தகங்களில் குளோரோஃபோரா என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அதே மரம்தான்.

காட்டில் 50 மீட்டர் வரை உயரும். அடிமரம் பெரும்பாலும் கிளையில்லாமல் நேராக நிற்கும் என்பதால் நீளமான, அகலமான பலகைகள் கிடைக்கும். முடிச்சு குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஒரே மரத்துக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் மொழியில் அழைத்ததுதான். இரோகோ என்பது நைஜீரியாவின் யொரூபா மொழிச் சொல். கானாவில் ஓடும், கேமரூனில் அபாங், காங்கோ பக்கம் கம்பாலா, கிழக்கு ஆப்பிரிக்காவில் ம்வூலே. சரக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து ஏறுகிறதோ அந்த ஊர்ப் பெயரே விலைப்பட்டியலிலும் வரும். கம்பாலா வேறு, இரோகோ வேறு என்று யாராவது சொன்னால் தாவரவியல் பெயரைக் கேளுங்கள்.

ஆப்பிரிக்கத் தேக்கு என்று சொல்வது சரியா?

சரியில்லை. தேக்கின் குடும்பம் வேறு, இதன் குடும்பம் வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பெயரில் அஃப்ரோர்மோசியா என்ற இன்னொரு மரமும் விற்கப்படுகிறது. அது 1992 முதல் அழிவாய்ப்பு உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, உரிய ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அப்படியிருக்க, எந்த மரம் என்று தெளிவில்லாத பெயரில் சரக்கு வாங்குவது வாங்குபவருக்கே ஆபத்து.

ஒற்றுமை இல்லை என்று சொல்ல மாட்டேன். எடையும் தோற்றமும் பக்கத்தில் வரும், வெளியில் போட்டாலும் இரண்டும் நீண்ட நாள் தாங்கும். ஆனால் தேக்கைத் தொட்டால் தெரியும் எண்ணெய்ப் பசை இரோகோவில் அவ்வளவு இல்லை. இழைக்கும்போதும் இரண்டின் நடத்தை வேறு வேறு.

எடை, உறுதி எல்லாம் எப்படி?

உலர்ந்த இரோகோ ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ இருக்கும். மரத்துக்கு மரம் 550 முதல் 750 வரை மாறும். தேக்கும் ஏறக்குறைய இதே எடைதான். குண்டை அழுத்திப் பார்க்கும் ஜங்கா சோதனையில் இரோகோ சுமார் 5,600 நியூட்டன், தேக்கு சுமார் 4,700. அதாவது மேற்பரப்பில் பள்ளம் விழுவது இரோகோவில் சற்றுக் குறைவு. வளைவைத் தாங்கும் வலிமையிலும் விறைப்பிலும் தேக்கு ஒரு படி மேல். நீளமான விட்டத்துக்கு இதைப் போடுவதாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்து, குறுக்களவைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த குணம் வேறு. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த மரம் அதிகம் அசையாது. பச்சை நிலையிலிருந்து முழுதாக உலரும்வரை ஆரத்திசையில் (மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி) சுமார் 3 சதவீதமும் வளையத்திசையில் (வளர்ச்சி வளையங்களின் போக்கில்) சுமார் 4 சதவீதமும்தான் சுருங்கும். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். அவை விலகியிருக்கும் மரங்களில்தான் பலகை குழிந்து வளையும். மழைக் காலத்தில் இறுகிக்கொள்ளாத கதவும் ஜன்னலும் வேண்டுமென்றால் இந்தக் குணத்துக்காகவே இரோகோவை எடுக்கலாம்.

புதுப் பலகை மஞ்சளாக இருக்கிறது. வேறு மரத்தைக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை, பயப்பட வேண்டாம். அறுத்த புதிதில் வைரம், அதாவது மரத்தின் முதிர்ந்த உட்பகுதி, எலுமிச்சை மஞ்சளிலிருந்து வெளிர் பழுப்பு வரை இருக்கும். பலா மரத்தை இழைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த மஞ்சள் பழக்கமானதுதான். வெளிச்சம் பட்டதும் மாற ஆரம்பித்து, சில மாதங்களில் பொன் பழுப்பாகி, பிறகு நல்ல அடர் பழுப்புக்கு வந்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் முதல் நாள் வேறு வேறு நிறமாகத் தெரிந்தாலும் போகப் போக நெருங்கிவிடும். அதனால் நிறம் பொருந்தவில்லை என்று அவசரப்பட்டு சாயம் பூசாதீர்கள்.

தரையில் போட்டவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. முதல் சில மாதங்கள் கம்பளம் விரிக்காமல் விடுங்கள், மேசை நாற்காலியையும் அவ்வப்போது நகர்த்துங்கள். இல்லாவிட்டால் மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சள் கட்டமாகத் தெரியும். வெளியில், பூச்சு இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரோகோவின் கதை வேறு. அது கடைசியில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். அது நிறம் மட்டும்தான், மரம் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல.

மரத்துக்குள் கல் இருக்குமாமே, உண்மையா?

உண்மைதான். இரோகோவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த மரத்தில் ஆங்காங்கே கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல், கட்டியாக உறைந்திருக்கும். மரம் காயம்பட்ட இடங்களிலும் உள் வெடிப்புகளிலும் அதிகம் காணப்படும். மணல் துகள் அளவும் உண்டு, கைமுட்டி அளவும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரம்பம் மோதும்போதுதான் தெரியும், அதற்குள் பல் போயிருக்கும். ஒரு துப்பு உண்டு: கல்லைச் சுற்றியுள்ள மரம் மற்ற இடத்தைவிடக் கருத்திருக்கும். பலகையில் காரணமில்லாமல் அடர்ந்த திட்டு தெரிந்தால் அங்கே இழைப்புளி வைப்பதற்கு முன் உளி முனையால் மெல்லக் குத்திப் பாருங்கள். வெள்ளைக் கோடோ பொடியோ தெரிந்தால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள், அல்லது கல்லைக் குடைந்தெடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

தொழிலாளிக்குத் தொல்லையான இந்தச் சுண்ணாம்பு மரத்தின் அடியில் செய்யும் வேலை அபாரமானது. மரம் காற்றிலிருந்து எடுக்கும் கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்களாகத் தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. இலையும் கிளையும் விழுந்து மக்கும்போது பூஞ்சைகள் அதை உடைக்கின்றன, மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்கள் அந்த ஆக்ஸலேட்டை உணவாக எடுத்துக்கொள்கின்றன. மிச்சமாக மண்ணில் கால்சியம் கார்பனேட் படிகிறது. ஐவரி கோஸ்ட்டிலும் கேமரூனிலும் ஆராய்ச்சியாளர்கள் இரோகோவைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பார்த்து இதை உறுதி செய்திருக்கிறார்கள். சுற்றிலும் அமில மண்ணாக இருக்க, மரத்தடியில் மட்டும் அது காரத்தன்மைக்கு மாறியிருந்தது. இலைதழையில் சேரும் கரி சீக்கிரம் மக்கிக் காற்றுக்கே திரும்பிவிடும். சுண்ணாம்பாகிவிட்ட கரி மண்ணில் மிக நீண்ட காலம் தங்கும். ஒரு மரம் நின்ற இடத்திலேயே மண்ணை மாற்றுகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத விஷயம்.

அறுப்பதும் இழைப்பதும் சுலபமா?

கல் இல்லாத பலகை என்றால் பரவாயில்லை, இடைப்பட்ட சிரமம்தான். சவால் இழை ஓட்டத்தில் இருக்கிறது. இரோகோவின் இழை ஒரு அடுக்கில் இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமும் சாய்ந்து பின்னியிருக்கும். அதனால் ஒரு பட்டை வழவழப்பாக இழைபடும், பக்கத்துப் பட்டை பிய்ந்து வரும். திருப்பிப் போட்டு இழைத்தால் மாறி நடக்கும். தீட்டிய அலகு, மெல்லிய சீவல், கொஞ்சம் செங்குத்தான அலகுக் கோணம், கடைசியாகச் சுரண்டு தகடும் உப்புத்தாளும் என்று போனால் நன்றாக முடியும். இயந்திரத்தில் அறுப்பவர்கள் கார்பைடு பல் ரம்பம் வைத்துக்கொள்வது நல்லது.

அதே பின்னல்தான் ஆரவெட்டுப் பலகையில் (ஆரத்திசையில் அறுத்த பலகையில்) ஒளி மாறி மாறி அடிக்கும் பட்டைகளைத் தருகிறது. அலமாரிக் கதவு, மேசை மேற்பலகை போன்றவற்றுக்கு அந்த வெட்டைக் கேட்டு வாங்கலாம். கடைசல் வேலைக்கு நன்றாகவே வரும். நீராவியில் வளைப்பதற்கு அவ்வளவு ஏற்றதல்ல.

பதப்படுத்தும்போது வெடிக்குமா?

பெரிதாக இல்லை. ஓரளவு வேகமாகவும் நல்லபடியாகவும் உலரும் மரம். பலகைகளுக்கு இடையே வைக்கும் குச்சிகள் சுத்தமாகவும் உலர்ந்ததாகவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் குச்சித் தடம் கறையாக நிற்கும்.

கரையானும் மழையும் இதை என்ன செய்யும்?

வைரம் மிக நன்றாகத் தாங்கும். ஐரோப்பியத் தர அளவில் பூஞ்சை அழுகலுக்கு எதிராக ஒன்று முதல் இரண்டாம் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். ஐந்து வகுப்புகளில் ஒன்றுதான் உச்சம். மருந்து ஏற்றாமலேயே வெளி வேலைக்குப் போடலாம். கரையானையும் பெருமளவு எதிர்க்கும்.

ஆனால் இத்தனையும் வைரத்துக்கு மட்டும். ஓரத்திலுள்ள வெளிர் நிற வெள்ளைப்பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, உளுவண்டு விரும்பித் துளைக்கும் இடம் அதுதான். வெளியில் போடும் சட்டத்தின் ஒரு மூலையில் விரலளவு வெள்ளை இருந்தாலும் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். வாங்கும்போது ஓரங்களைப் புரட்டிப் பாருங்கள். நிற வித்தியாசம் தெளிவாகத் தெரியும், மறைக்க முடியாது.

எந்தெந்த வேலைக்கு நல்லது?

படகு வேலையை முதலில் சொல்ல வேண்டும். அடிக்கட்டை, விலாச் சட்டங்கள், மேல்தளம் என்று பல பாகங்களுக்கு இரோகோவைப் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய பட்டிகளைப் பசையால் ஒட்டி அடுக்கி வளைத்துச் செய்யும் சட்டங்களுக்கும் எடுக்கிறார்கள். விக்டோரியா ஏரியின் பலகைப் படகுகளுக்கு ம்வூலே பெயர் பெற்ற மரம். வெளிக்கதவு, நிலை, ஜன்னல் சட்டம், படிக்கட்டு, தோட்டத்து இருக்கை, வெளித் தளம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வீட்டுக்குள் தரைப்பலகையாகவும் அடுக்களை மேடையாகவும் போடுகிறார்கள். பிரிட்டனில் ஒரு காலத்துப் பள்ளி ஆய்வகங்களின் மேசைப் பலகைகள் பல இரோகோவில் செய்தவை. தண்ணீரும் ரசாயனமும் சிந்திச் சிந்தி, பல தலைமுறைப் பிள்ளைகள் சாய்ந்து நின்றும் அவை தாங்கின.

எதற்குப் போடக் கூடாது?

கடல் நீரில் நிரந்தரமாக முழுகியிருக்கும் தூண்களுக்கு இதை நம்ப மாட்டேன். கப்பல் புழு அரிக்கும் இடத்தில் இரோகோவின் எதிர்ப்பு நடுத்தரம்தான். கன மீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டும் அஸோபே மாதிரி மரங்கள் அதற்கென்றே இருக்கின்றன. காய்கறி நறுக்கும் பலகைக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. துளைகள் பெரியவை, உணவுச் சாறு உள்ளே தங்கும். ஒவ்வாமை தரக்கூடிய பொருளும் இந்த மரத்தில் இருக்கிறது, அதைக் கத்தி கொத்தும் இடத்தில் வைப்பானேன்? மேடையாகப் போட்டு மேலே நல்ல பூச்சு இருந்தால் பிரச்சினை இல்லை.

வார்னிஷ் காயவே மாட்டேன் என்கிறது. என்ன தவறு?

உங்கள் தவறு இல்லாமலும் இருக்கலாம். இரோகோவில் குளோரோஃபோரின் முதலான ஃபீனால் வகைப் பொருட்கள் இருக்கின்றன. எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷும் பாலியெஸ்டர் பூச்சும் காய்வதை இவை தடுக்கும். பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து ஆறவிடுங்கள். அப்புறம் இவ்வகை மரங்களுக்கான தடுப்புப் பூச்சு ஒரு கை அடித்துவிட்டு மேல்பூச்சுக்குப் போங்கள். முழுப் பலகையில் இறங்கும் முன் ஒரு துண்டில் முயன்று பார்ப்பது நல்லது. கண்ணாடிபோல் வழவழப்பு வேண்டுமென்றால் முதலில் துளைகளை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பசை பொதுவாக நன்றாகப் பிடிக்கும். புதிதாக இழைத்த முகத்தில் உடனே ஒட்டுங்கள், நாள் கடத்தாதீர்கள். திருகும் ஆணியும் வெளி வேலையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். சாதா இரும்பு துருவேறி மரத்தில் கறை இறக்கும்.

தூசி ஒத்துக்கொள்ளாது என்கிறார்களே?

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரோகோத் தூசியால் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், கண் எரியும், தும்மல் நிற்காது, சிலருக்கு ஆஸ்துமாவே வரும். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்பு அல்ல. ஒவ்வாமை பழகப் பழகக் குறைவதில்லை, பல முறை தூசி பட்டபின் திடீரென்று தொடங்கி, பிறகு கொஞ்சம் பட்டாலே கிளம்பும். இது போக, எந்த மரத்தின் தூசியானாலும் அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

துணி கட்டிக்கொண்டால் போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம், இயந்திரத்தின் வாயிலேயே தூசியை உறிஞ்சும் அமைப்பு, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் குளியல். கூட வேலை செய்யும் சின்னப் பையன்களுக்கும் கவசம் கொடுங்கள். தரையைப் பெருக்குவது பெரும்பாலும் அவர்கள்தான், தூசி அதிகம் கிளம்புவதும் அப்போதுதான்.

தோட்டம் போட்டு வளர்க்கலாமே, ஏன் காட்டையே நம்ப வேண்டும்?

நியாயமான கேள்வி. பலரும் முயன்றிருக்கிறார்கள், ஒரு சின்னப் பூச்சி கெடுத்துவிடுகிறது. ஃபைட்டோலைமா என்ற உறிஞ்சும் பூச்சி இளந்தளிரில் முட்டையிடும். குஞ்சு உள்ளே புகுந்ததும் தளிர் வீங்கிக் கொப்புளமாகும். கொப்புளம் வெடித்த இடம் அழுகி, நுனி பட்டுப்போகும். கன்று திரும்பத் துளிர்க்கும், பூச்சி திரும்ப வரும். வெயிலில் வரிசை வரிசையாக இரோகோ மட்டும் நட்ட தோட்டம் இந்தப் பூச்சிக்குப் பந்தி விரித்த மாதிரி. கானாவின் குமாசியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் பூச்சியைத் தாங்கும் வகைகளைத் தேடியும், மற்ற மரங்களோடு கலந்து நட்டும் பார்த்து வருகிறது. ஆனாலும் இன்று சந்தைக்கு வரும் இரோகோ பெரும்பாலும் இயற்கைக் காட்டிலும் விவசாய நிலங்களிலும் தானாக வளர்ந்ததுதான்.

காட்டில் இதை விதைப்பவை பழந்தின்னி வௌவால்கள். மல்பெரி போன்ற பழத்தைத் தின்றுவிட்டுப் பறக்கும் வழியெல்லாம் விதையைப் போட்டுச் செல்கின்றன. மரத்தில் ஆண், பெண் தனித்தனி. பெரிய பெண் மரங்களைத் தேடி வெட்டிக்கொண்டே போனால் அடுத்த தலைமுறைக்கு விதை எங்கிருந்து வரும்? 1998இலேயே சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் எக்செல்சாவை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகவும், ரீஜியாவை அழிவாய்ப்புள்ள இனமாகவும் மதிப்பிட்டது.

அப்படியானால் வாங்குவதே தவறா?

தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவதுதான் தவறு. வெட்டிய நாடு, வெட்ட அனுமதித்த சான்று, காட்டு மேலாண்மைச் சான்றிதழ், இந்த மூன்றையும் கேளுங்கள். சட்டவிரோத மரத்தை இறக்குமதி செய்வதை அமெரிக்கா 2008 முதலும் ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதலும் குற்றமாக்கியிருக்கின்றன. ஆகவே ஒழுங்கான வியாபாரியிடம் இந்தத் தாள்கள் இருக்கும், கேட்டால் கோபப்படவும் மாட்டார். அறுத்த மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று காட்ட முடியாதவரிடம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெளியிலோ படகிலோ நிற்க வேண்டிய வேலைக்கு இதை எடுங்கள். புகைப்படச் சட்டத்துக்கும் பெட்டி அடிக்கவும் வேறு மரம் போதும்.

இதைப் புனித மரம் என்கிறார்களே?

யொரூபா மக்களிடையே இரோகோவில் ஆவி குடியிருக்கிறது என்ற நம்பிக்கை உண்டு, வெட்டும் முன் அதை அமைதிப்படுத்தும் சடங்கும் உண்டு. பெனின் நாட்டில் இந்த மரத்தின் பெயர் லோகோ, அதே பெயரில் அங்குள்ள பாரம்பரிய மதமான வோடுனில் ஒரு தெய்வமும் இருக்கிறது. அங்கே வீதா நகரத்தில் க்பாசே மன்னன் சாவதற்குப் பதில் இரோகோ மரமாக மாறிவிட்டான் என்று சொல்கிறார்கள். அவன் பெயரிலுள்ள புனித வனத்தில் அந்த மரத்தை இன்றும் வணங்குகிறார்கள். ஊருக்கு நடுவிலும் கோகோ தோட்டங்களிலும் முதிர்ந்த இரோகோக்கள் தப்பி நிற்பதற்கு நிழலோடு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

பழைய இரோகோப் பலகை கிடைக்கிறது. எடுக்கலாமா?

தயங்காமல் எடுங்கள். இடித்த கட்டடங்களின் கதவு நிலையும் ஆய்வக மேசையும் நன்றாக உலர்ந்து நிலைத்த மரம், இனி வளையாது. முதலில் காந்தமோ உலோகங்காட்டியோ வைத்து ஆணி தேடுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அதனால் உலரத் தேய்க்காமல் ஈரமாக்கியோ ரசாயன நீக்கி தடவியோ உரித்தெடுங்கள். ஆய்வக மேசை என்றால் கறைகள் ஆழமாகப் போயிருக்கும். அமிலமும் பாதரசமும் சிந்திய பலகைகளை அடுக்களைக்குக் கொண்டுபோக வேண்டாம், வேலை மேசையாகவோ புத்தக அலமாரியாகவோ ஆக்கலாம். கருத்துப்போன முகத்தில் இழைப்புளியை ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள், சீவல் சுருண்டு விழுந்த இடத்தில் அந்தப் பழைய மஞ்சள் அப்படியே இருக்கும்.